ஃபொறின் சாமான்

காருக்கு ரயர் மாற்றக் கொடுத்துவிட்டு, ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் அந்தக் கராச்சுக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் இருந்தேன். சுவர் ரீவியில் பேஸ்போல் போய்க்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, படம் மட்டும். பந்தெறிந்தவன் மைதானத்தை விட்டு வெளியே வரும்போது நடுவர் மறித்தார். அவன் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினான், நகம் வெட்டியிருக்கிறதா என்று வாத்தியாருக்குக் காட்டுகிற பிள்ளை மாதிரி. நடுவர் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். தொப்பியை வாங்கி உள்விளிம்பைத் தடவினார். இடுப்புப் பட்டியைத் தொட்டார். பிறகு, போ என்று தலையசைத்தார். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

இப்போது எல்லாப் பந்தெறிபவர்களையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். பந்தில் பசை, கிறீஸ், பிசின் என்று எதையாவது பூசினால் பந்து வழமைக்கு மாறாகச் சுழலும், அடிக்கிறவனுக்குத் தெரியாமல் திரும்பும். பிடிபட்டால் சில ஆட்டங்கள் வெளியே இருக்கவேண்டும். பிறகு வந்து திரும்ப எறியலாம். சம்பளத்துக்கு ஒரு குறையும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த விரித்த கையைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் பாம் மணந்தது. நோவுக்குப் பூசுகிற பாம். கற்பூரமும் கறுவாவும் கலந்த மாதிரி ஒரு மணம். கடையில் ஒருவரும் பூசியிருக்கவில்லை. கோப்பியும் பாண் வாட்டுகிற மணமும்தான். ஆனால் மூக்கு நான் சொல்வதைக் கேட்பதில்லை.

அது ரட்ணத்தின் மணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பார்க்டேலில் ஒரு இரண்டறை அப்பார்ட்மென்றில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கரப்பான்பூச்சிகளையும் சேர்த்தால் கணக்கு வேறு. குளிக்கிற அறைக்குள் போனால் முதலில் ரட்ணத்தின் பாம்தான் வரவேற்கும். அவனுக்கு வலது தோளில் நோவு. ஊரில் பெரிய பள்ளிக்கூடமொன்றுக்கு வேகப்பந்து போட்டவன், அதனால் வந்த நோவென்று எல்லாரும் நினைத்தோம். ஒருநாள் கேட்டபோது, "இல்லை மச்சான், ஆமிக்காரன்ர துவக்குப் பிடி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நாங்களும் மேலே கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்கக்கூடாத ஒன்று இருந்தது.

பாம் பச்சை நிறச் சின்ன ரின்னில் வரும். கொழும்பிலிருந்து வசந்தி அனுப்புவாள். அவளுக்கும் ரட்ணத்துக்கும் எழுத்து முடிந்திருந்தது. அதாவது கலியாணம் பதிந்தாயிற்று, தாலி கட்டுவது கனடாவில் என்று ஏற்பாடு. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தகப்பனோடு இருந்தாள். யாராவது கனடா வருகிறார்கள் என்றால் ஒரு கடிதமும் இரண்டு ரின்னும் கொடுத்துவிடுவாள். கடிதத்தை ரட்ணம் ஒருதரம் வாசிப்பான். ரின்னை மட்டும் ஒரு மாதத்துக்குத் திறந்து திறந்து மணப்பான். நாங்கள் பகிடி பண்ணுவோம். "டேய், பூசுறியோ, சாப்பிடுறியோ?" "உனக்கென்னடா விளங்கும், உனக்கு ஆர் அனுப்பப் போயினம்?" என்பான். உண்மைதான், எனக்கு ஒருவரும் அனுப்பவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதுமென்று கிளம்பியவன். ஜெர்மனியில் கோப்பை கழுவினேன், மொன்றியலில் ஒரு மாரி முழுக்க இறைச்சி வெட்டுகிற இடத்தில் தரை கழுவினேன், பிறகு ரொறன்ரோ. ஓரிடத்தில் இரண்டு வருஷம் நின்றால் எனக்குக் கால் கடிக்கும். அந்த வீட்டில் ஐந்து பேரில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான். தெரிந்தது என்றால், மற்ற நாலு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள், நான் திறப்பேன். ஆஸ்பத்திரி, வேலைக் கந்தோர், வீட்டு மனேஜர் என்று எல்லா இடத்துக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளன். என்னிடம் ஒரு சட்டமும் இருந்தது. "விளங்காட்டி யெஸ் சொல்லு. நோ எண்டால் ஏன் எண்டு அடுத்த கேள்வி வரும்." இதை நான் மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிற மாதிரிச் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

ரட்ணமும் நானும் ஒரே தொழிற்சாலையில் வேலை. பிளாஸ்ரிக் வாளிகளும் மூடிகளும் வார்க்கிற இடம். சூடான மூடிகள் மெஷினிலிருந்து விழ விழப் பொறுக்கி, ஓரத்தைச் சீவிப் பெட்டியில் அடுக்கவேண்டும். இருவரும் ஏஜென்சி ஆட்கள். ஏஜென்சி ஆட்கள் என்றால், காலையில் வா என்பார்கள், நாளைக்கு வராதே என்பார்கள். பெர்மனன்ற் ஆனால் கதை வேறு. ரட்ணத்துக்கு அது மற்றவர்களைவிடக் கூடத் தேவைப்பட்டது. வசந்தியைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவல் பார்த்த வக்கீலின் ஆள், "பெர்மனன்ற் வேலைக்காரன் எண்டு கொம்பனிக் கடிதம் ஒண்டு கொண்டுவாரும், பைல் பலமா இருக்கும்" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ரட்ணம் வசந்திக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும் அந்த வராத கடிதம் இருந்தது.

அந்த வருஷங்களில் நகரம் முழுக்கப் பேஸ்போல் பைத்தியம். ரொறன்ரோக் குழு கோப்பை வென்றதில் பஸ் சாரதிகள்கூடச் சிரித்தார்கள். எங்கள் போர்மன் டேவ் பைத்தியங்களில் மூத்த பைத்தியம். தொழிற்சாலைக்கென்று ஒரு குழு வைத்திருந்தான். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்த இன்னொரு தொழிற்சாலையோடு வருஷத்துக்கு ஒரு ஆட்டம். வருஷா வருஷம் தோற்றார்கள்.

ஒருநாள் ரட்ணம் பழுதான பிளாஸ்ரிக் கட்டிகளை மெஷினடியில் நின்றபடியே தூரத்துப் பீப்பாவுக்குள் எறிந்துகொண்டிருந்தான். ஒன்றும் தவறவில்லை. டேவ் வந்து பின்னால் நின்றதை நாங்கள் காணவில்லை. ஏச்சு விழப்போகிறது என்று நான் "சொறி, சொறி" என்றேன். டேவ் ஒரு பந்தைக் கொண்டுவந்து ரட்ணத்தின் கையில் வைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கார்த் தரிப்பிடத்தில் ரட்ணத்துக்குப் பயிற்சி தொடங்கியது. முதல்நாள் அவன் ஓடிவந்து, கையை நீட்டிச் சுழற்றி, பந்தை நிலத்தில் குத்திப் போட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முழங்கையை மடக்கி எறியவேண்டும் என்று டேவ் செய்து காட்டினான். ரட்ணத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"மச்சான், உது எறியல்லோ?"

"ஓம், எறியத்தான் சொல்லுறான்."

"எறியக்கூடாதடா. ஒருக்கா என்னை எறியிறான் எண்டு சொன்னதுக்கு எங்கட கோச் மற்றப் பள்ளிக்கூட மாஸ்ரரோட சண்டைக்குப் போனவர்."

கிரிக்கெற் தெரிந்தவர்களுக்கு விளங்கும். அங்கே பந்து 'போட'வேண்டும். கை மடங்கினால் அது 'எறி', கள்ளப் பந்து. அதைவிடப் பெரிய அவமானம் பந்து போடுகிறவனுக்கு இல்லை. எச்சிலைத் தொட்டுப் பந்தைக் கால்சட்டையில் உரசி மினுக்குவது அங்கே நியாயம். ஒருபக்கம் மினுங்கினால்தான் பந்து காற்றில் திரும்பும். பேஸ்போலில் எல்லாம் மறுவளம். மடக்கி எறிவது நியாயம், எச்சில் தொட்டால் கள்ளன். ரட்ணம் தன் கையையே அவமானப்படுத்திக்கொண்டு எறியப் பழகினான். இரண்டு கிழமையில் கை பழகிவிட்டது. எச்சில்தான் பழகவில்லை. விரல் தானாக நாக்குக்குப் போகும். டேவ் "நோ ஸ்பிற்!" என்று கத்துவான். ரட்ணம் விரலைப் பாதி வழியில் நிறுத்தி, அதே கையால் தலையைச் சொறிவான். அதற்குப் பிறகும் பந்தைத் தொடையில் ஒருதரம் உரசாமல் அவனால் எறிய முடியவில்லை.

டேவுக்கு இந்தப் பந்துக் கள்ளர்களின் கதை நன்றாகத் தெரியும். தொப்பிக்குள் வாசலின் ஒளித்தவன், பந்தைச் சுரண்டப் பொக்கற்றில் மண்தாள் வைத்திருந்தவன், வருஷக்கணக்காகப் பந்தில் எண்ணெய் பூசி ஒருதரமும் பிடிபடாத கிழவன். சொல்லும்போது டேவின் கண் மினுங்கும். "ஸ்மார்ற் கை, வெரி ஸ்மார்ற் கை" என்பான். நான் அதை மொழிபெயர்த்தேன். "கெட்டிக்காரனாம்."

ஆட்டத்துக்கு முந்திய கிழமை டேவ் ரட்ணத்தின் தோளில் தட்டிச் சொன்னான்: இலையுதிர் காலத்தில் இரண்டு பேரைப் பெர்மனன்ற் ஆக்குகிறார்கள், பெயர் கொடுக்கிறவன் தான்தான். சனிக்கிழமை நல்லாய் எறி. இதை மட்டும் நான் சரியாக மொழிபெயர்த்தேன். ரட்ணம் அன்றைக்கே வசந்திக்கு எழுதினான்.

சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். கம்பிவேலி போட்ட மைதானம், ஓரத்தில் இறைச்சி வாட்டுகிற புகை, எல்லார் பெண்சாதி பிள்ளைகளும் கதிரை போட்டு இருந்தார்கள். நான் ஆட்டக்காரன் இல்லை. தண்ணீர்ப் போத்தலும் மொழிபெயர்ப்பும் என் பொறுப்பு. வெளிக்கிடும்போது ரட்ணம் தோளுக்கு நிறைய பாம் பூசியதை நான் கண்டேன். அரை ரின் முடிந்திருக்கும். பூசிய கையைத் துடைத்தானா, கழுவினானா என்று நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவன் எறிந்த மாதிரி நான் பார்த்ததில்லை. அடிக்க வந்தவர்கள் காற்றை வெட்டிவிட்டுப் போனார்கள். டேவ் வேலியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினான். "ராற்! ராற்!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். ரட்ணம் என்று சொல்ல வாய் வராமல் வைத்த பெயர். எலி என்று அர்த்தம். அதை நான் ரட்ணத்துக்கு மொழிபெயர்க்கவில்லை.

பாதி ஆட்டத்தில் மற்றக் குழுவின் ஆள் ஒருவன் கையைத் தூக்கி நடுவரிடம் என்னவோ சொன்னான். ரட்ணம் தொடையில் உரசுவதைக் காட்டினான். நடுவர் ஒரு கிழவர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மெதுவாக நடந்து போய்ப் பந்தை வாங்கினார். உருட்டிப் பார்த்தார். மணந்தார். முகம் சுழித்தார். பிறகு ரட்ணத்தின் கையைப் பிடித்து விரலை மணந்தார்.

"டேய் மச்சான், இஞ்சை ஓடியா," என்று ரட்ணம் கூப்பிட்டான். "கிழவர் என்னவோ கேக்கிறார்."

நான் தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் பிடித்துமிருந்தது. கிழவர் தன் விரல் நுனியை என் மூக்கடியில் நீட்டிக் கேட்டார்: "ஃபொறின் சப்ஸ்ரன்ஸ்?"

சப்ஸ்ரன்ஸ் என்றால் ஏதோ சாமான் என்று ஊகித்தேன். ஊகம் சரி. ஃபொறின் என்ற சொல் எனக்கு நாலு வயதிலிருந்தே தெரியும். ஃபொறின் சவர்க்காரம், ஃபொறின் சேட், ஃபொறின் ரோச் லைற். ஊரில் ஒரு பொருளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த ஃபொறின் பிஸ்கற் ரின் வெறுமையான பிறகும் அலுமாரியில் முன்னுக்கு நிற்கும். கிழவர் பாமைத்தான் கேட்கிறார், எங்கே வாங்கினது என்று கேட்கிறார் என்று நினைத்தேன். கொழும்புச் சாமான். ஊரில் அது உள்ளூர்ச் சாமான், ஆனால் இங்கே அது வெளியிலிருந்து வந்ததுதானே? ஒரு கணத்தில் இந்த நியாயமெல்லாம் என் மண்டைக்குள் ஓடி முடிந்தது. எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

"யெஸ் சேர்," என்றேன், சிரித்துக்கொண்டு. "ஃபொறின். நம்பர் வன்."

மற்றக் குழு பெரிய சத்தம் போட்டது. கிழவர் கையை நீட்டி ரட்ணத்துக்கு வேலிப் பக்கம் வழி காட்டினார். டேவின் முகத்தை நான் பார்த்தேன். முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"என்னவாம்?" என்றான் ரட்ணம்.

"உன்னை வெளியிலை போகட்டாம்."

"ஏன்? நான் என்ன செய்தனான்?"

ஏன் என்று எனக்கும் அப்போது தெரியாது. தெரியாது என்று சொல்ல மொழிபெயர்ப்பாளனுக்கு வாய் வராது. "நீ எச்சில் தொட்டிட்டாய் போல."

"இல்லையடா! சத்தியமா நான் தொடேல்லை. கால்சட்டையிலைதான் உரசினனான்."

"அதுவும் பிழையாம்."

அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். நாங்கள் தோற்றோம். எத்தனைக்கு என்று மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ரட்ணத்தின் மெஷினில் ஒரு வாசலின் போத்தல் இருந்தது. யாரோ பகிடிக்கு வைத்தது. சூட்டு மூடி பொறுக்கிப் பொறுக்கி எங்கள் கையெல்லாம் வெடித்திருந்த காலம். "நல்ல சனம் மச்சான்," என்றான் ரட்ணம். "என்ர கை வெடிச்சுக் கிடக்கிறதைப் பாத்து வாங்கி வைச்சிருக்குதுகள்." மூடியைத் திறந்து இரண்டு கைக்கும் பூசினான். சுற்றிவர நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையைத் தூக்கிக் காட்டினான்.

சாப்பாட்டு நேரத்தில் ராம்நரைன் என் பக்கத்தில் வந்து இருந்தான். கயானாக்காரன், கிரிக்கெற் தெரிந்தவன், சனிக்கிழமை வராதவன். அங்கே நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தினான். ஃபொறின் என்றால் அங்கே வெளிநாடு இல்லை. பந்தில் இருக்கக்கூடாத பொருள். பந்துக்குச் சொந்தமில்லாத பொருள். ஏதாவது கள்ளமாகப் பூசினானா என்று கேட்டார்கள், நீ ஓம் என்றாய், அதுவும் முதல்தரம் என்றாய்.

சோற்றுப் பெட்டியை மூடினேன். பிறகு திறந்து சாப்பிட்டேன். பசித்தால் சாப்பிடுகிறவன் நான்.

பின்னேரம் டேவ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். அதுவரை என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "யூ ஆர் ஆன் ஆனஸ்ற் மேன்," என்றான். சொந்தக் கூட்டாளி என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னாய், இப்படி ஆட்கள்தான் எனக்கு வேண்டும் என்றான். நான் விளக்கவேண்டிய நேரம் அது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதற்குப் போதும். ராம்நரைன் சொல்லித் தந்திருந்தான். மிஸ்ரேக், பாம், ஷோல்டர் என்ற மூன்று சொல் போதும். அந்தச் சொற்கள் வாய்வரை வந்திருந்தன. டேவ் கையை நீட்டினான். நான் குலுக்கி, "யெஸ்" என்றேன்.

பெர்மனன்ற் ஆனவர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டியபோது இரண்டில் ஒன்று என்னுடையது. ரட்ணத்தின் பெயர் இல்லை. "உனக்காவது கிடைச்சுதே மச்சான், சந்தோசம்," என்றான். "என்ர இந்த நாசமாப்போன எச்சில் பழக்கம்." அன்றிரவு அவன் சமைத்தான். ஆட்டிறைச்சி, எனக்காக.

பிறகு ஏஜென்சி அவனைக் கூப்பிடுவது குறைந்து நின்றுபோனது. வின்சர் பக்கம் தக்காளித் தோட்டத்துக்குப் போனான், அங்கிருந்து கோழி வெட்டுகிற இடத்துக்கு. பைல் நகரவில்லை. கொழும்பில் லொட்ஜ் லொட்ஜாகத் தமிழரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன காலம். வசந்தியையும் தகப்பனையும் இரண்டுதரம் ஏற்றிப் போய்ப் பிறகு விட்டார்கள். மூன்றாம் தரத்துக்கு நிற்கவேண்டாமென்று பிரான்சிலிருந்த தமையன் ஏஜென்றுக்குக் காசு கட்டி அவளை அங்கே எடுத்தான். அங்கே போனபின் கடிதம் குறைந்தது. பிறகு கலியாண எழுத்தை வெட்டவேண்டுமென்று ஒரு பேப்பர் வந்தது. அதை வாசித்துச் சொன்னதும் நான்தான். இதெல்லாம் என் ஒரு யெஸ்ஸால் நடந்தது என்று சொன்னால் கதை நேராக இருக்கும். பொலிஸை நான் அனுப்பவில்லை. ஆனால் அந்தக் கொம்பனிக் கடிதம் போயிருந்தால் என்று கணக்குப் போடாமல் எனக்கு ஒரு மாரியும் கழிந்ததில்லை. பெர்மனன்ற் வேலையை இரண்டு வருஷத்தில் விட்டேன். கால் கடித்தது என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. மெஷின்கள் மெக்சிக்கோவுக்குப் போயின. மைதானத்தில் ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கின்றன, வேலிக் கம்பி ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தப் பார்க்டேல் வீட்டுக்கு வாடகை கட்டுகிற வசதி எங்களுக்கு இன்றைக்கும் வராது.

ரட்ணம் இருக்கிறான். பிக்கரிங்கில் வீடு, வேறு கலியாணம், இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். காரில் இருபது நிமிஷம். நான் அங்கே போவது குறைவு. கோப்பிக்கடையில் இருக்கும்போதே அவனுடைய போன் வந்தது.

"மச்சான், ரீவி பாக்கிறியே? கையைப் பிடிச்சுப் பாக்கிறாங்களடா!" சிரித்தான். "இன்னொண்டு தெரியுமே? கிரிக்கெற்றிலையும் இப்ப எச்சில் தடை. கொரோனாவோட நிப்பாட்டினவங்கள், நிப்பாட்டினதுதான். இனி நான் ரெண்டு பக்கத்திலையும் கள்ளன்."

"ஓம்," என்றேன்.

பின்னால் அவனுடைய ரீவி கேட்டது.

"மச்சான், கனநாளாக் கேக்கவேணுமெண்டு நினைச்சனான். அண்டைக்கு அந்தக் கிழவர் உன்னட்டை என்னதான் கேட்டவர்?"

முப்பது வருஷமாக நான் பயந்த கேள்வி. பந்தை என் கையிலேயே வைத்துவிட்டான்.

"எச்சில் தொட்டவனோ எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"இல்லை எண்டனான்."

"எனக்குத் தெரியும்," என்றான் ரட்ணம். "நீ எனக்காகக் கதைச்சிருப்பாய் எண்டு எனக்குத் தெரியும். வசந்திக்கும் அப்பிடித்தான் எழுதினனான்."

காருக்கு ரயர் போட்டாயிற்று என்று கராச்காரன் கண்ணாடியில் தட்டினான். போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த கதவு தமிழ்க்கடை. காசு வாங்குகிற மேசையில், சுவிங்கத்துக்கும் ஊதுபத்திக்கும் நடுவில், அந்தப் பச்சை ரின் அடுக்கடுக்காக இருக்கிறது. போகிற வருகிற சனம் மரக்கறியோடு ஒன்றை எடுத்துப் பைக்குள் போடுகிறது. இங்கேயே எல்லாம் கிடைக்கிற காலத்தில் எது வெளியிலிருந்து வந்தது என்று யார் பார்க்கிறார்கள்? ஃபொறின் சாமான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிற ஒருவரையும் இந்த ஊரில் நான் பிறகு காணவில்லை. கடைசியாகச் சொன்னவன் நானாகத்தான் இருக்கும்.